டெர்வ்லா மர்ஃபி கியரைக் கழற்றியது சரிதானா?

பால்ரஸ்:
அயர்லாந்துப் பயண எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபியின் 'ஃபுல் டில்ட்' என்ற சைக்கிள் பயண நூல் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரே பாட்டு: கியரே இல்லாத சைக்கிளில் அயர்லாந்திலிருந்து இந்தியா வந்தார், கியரைக் கழற்றியதுதான் வெற்றியின் ரகசியம். படிக்கப் படிக்க எரிச்சலாக இருக்கிறது. 1963 ஜனவரியில் கிளம்பினார். வண்டி ஆர்ம்ஸ்ட்ராங் கேடட், அதற்கு வைத்த பெயர் ரோஸ். அதிலிருந்த மூன்று வேக டீரெய்லர் கியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது) ஆசியச் சாலைகளைத் தாங்காது என்று புறப்படும் முன்பே கழற்றிவிட்டார். ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்துவிட்டார் என்பதாலேயே கழற்றியது சரியாகிவிடுமா?

கணக்கைப் பாருங்கள். முன்னால் பெடலோடு சுற்றும் செயின் வீல் 46 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீல் 18 பல், 26 அங்குலச் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கி.மீ. ஆள், வண்டி, மூட்டை எல்லாம் 95 கிலோ. ஏற்றம் 6 சதவீதம். மேலே தூக்குவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 300 வாட் வேண்டும். நல்ல உடற்பயிற்சி உள்ளவரே மணிக்கணக்கில் 150 வாட் கொடுப்பது பெரிது. மெதுவாக 4 கி.மீ. வேகத்தில் ஏறலாம் என்றால் நிமிடத்துக்கு 13 சுற்றுகூட வராது, வண்டி நின்றுவிடும். ஆக, மலை வந்தால் தள்ளுவது ஒன்றுதான் வழி. கழற்றியது தவறு.

ஒற்றைப்பல்:
கணக்கு நல்லா இருக்கு சார். ஆனா சாலை உங்க நோட்டுப் புத்தகத்தில் இல்லை. டீரெய்லர்ல செயின் வெளியே கிடக்கும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்தா அரைக்கிற பசை மாதிரி ஆகி, செயினை இழுத்துப் பிடிக்கிற குட்டிப் பல்சக்கரமான ஜாக்கி வீலையும் செயினையும் தின்னும். லாரி மேல வண்டியைத் தூக்கிப் போட்டா முதல்ல வளையறது ஜாக்கி வீலைத் தாங்குற டீரெய்லர் கூண்டுதான். வளைஞ்ச கூண்டு ஸ்போக்குக்குள்ள மாட்டினா சக்கரமே போச்சு.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்லை. மூணு பல்சக்கரம் அடுக்கின ஃப்ரீவீலுக்கு இடம் விட ரிம்மை வலது பக்கம் இழுத்துக் கட்டணும். வலப்பக்க ஸ்போக் விறைப்பா இருக்கும், இடப்பக்கம் தளர்ச்சியா இருக்கும். மூட்டையும் பின்னாலதான். ஸ்போக் அறுந்தா பெரும்பாலும் வலப்பக்கம்தான் அறும், அதை மாத்த ஃப்ரீவீலைக் கழற்றணும். அதுக்குத் தனி ரிமூவர், பிடிக்க ஒரு பெரிய வைஸ். ஆப்கானிஸ்தான் பாதையோரம் அதெல்லாம் எங்கே கிடைக்கும்? கழற்றினது நூறு சதவீதம் சரி.

கோட்டம்:
கழற்றுவது என்றால் திருகைத் தளர்த்தி எடுத்து எறிவது இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள். மூன்று பல்சக்கர ஃப்ரீவீலை எடுத்து ஒற்றைப் பல்சக்கரம் போட வேண்டும். ஆக்ஸிலில் வலப்பக்கம் இருக்கும் வாஷர்களை இடப்பக்கம் மாற்ற வேண்டும். பிறகு வலப்பக்க ஸ்போக்குகளைக் கால் சுற்று தளர்த்தி, இடப்பக்கத்தைக் கால் சுற்று இறுக்கி, ரிம் நடுவுக்கு வரும்வரை திரும்பத் திரும்பக் கோட்டம் எடுக்க வேண்டும். செயினை வெட்டிச் சுருக்க வேண்டும். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் செயின் கழன்றுகொண்டே இருக்கும். செயினை நடுவில் அமுக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் ஆக்ஸிலின் பால்ரஸ் குண்டுகள் தேயும். இதெல்லாம் செய்தால்தான் ஒற்றைப்பல் சொல்லும் வலிமை வரும்.

பால்ரஸ்:
என் கேள்விக்குப் பதில் இல்லை. மலை ஏறுவது எப்படி? டீரெய்லர் வளையும் என்றால் வளையாத கியர் போட்டிருக்கலாமே? ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஏ.டபிள்யூ. என்ற மூன்று வேக ஹப் (பின்சக்கரத்தின் நடுக்குடம்) 1936-லிருந்து இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வந்துகொண்டிருந்தது. எல்லாம் ஹப்புக்குள்ளேயே. நடுச்சக்கரத்துக்கு 20 பல், அதைச் சுற்றும் சக்கரங்களுக்கு 20 பல், வெளிவளையத்துக்கு 60 பல். இரண்டாவது கியரை 100 என்று வைத்தால் மூன்றாவது கியரில் 133 சதவீதம், முதல் கியரில் 75 சதவீதம். ஸ்போக் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். வாரம் ஒரு தடவை சில சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

மேற்குமலை:
ஹப் கியர் தெரிந்தவர் அதன் நோயையும் சொல்ல வேண்டும் ஐயா. கேபிள் அறுந்தால் ஏ.டபிள்யூ. எந்தக் கியரில் நிற்கும்? மூன்றாவதில். அதாவது இருப்பதிலேயே கனமானதில். உங்கள் 5.3 மீட்டர் ஒரே நொடியில் 7 மீட்டர் ஆகிவிடும். வலப்பக்கம் ஆக்ஸிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கேபிள் பிடித்து இழுக்கும் குட்டிச் சங்கிலி, வண்டி அந்தப் பக்கம் விழுந்தால் வளையும். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடிப்பே இல்லாத இடத்தில் நழுவும். எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவினால் பல் உடையும், உங்கள் பல்!

பால்ரஸ்:
குட்டிச் சங்கிலியை வெளியே இழுத்து ஒரு கண்ணியில் ஆணி செருகினால் போதும், வேண்டிய கியரிலேயே நிற்கும். இது தெரியாமல் ஹப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டாவது கியரில் வைத்து, அந்தச் சங்கிலியோடு சேர்ந்த உள்கம்பியின் தோள் ஆக்ஸில் முனையோடு சமமாக நிற்கிறதா என்று நட்டின் சன்னல் வழியே பார்த்து கேபிளை இறுக்கினால் நழுவாது. போன தடவை டயர் அகலம் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதி விஷயத்தோடு வந்தீர்கள்.

மேற்குமலை:
டயர் விஷயத்தில் தோற்றது யார் என்று அந்த இழையில் போய்ப் பாருங்கள். இங்கே கேட்டது: 75 சதவீதம் போதுமா? 5.3-இல் 75 சதவீதம் 4 மீட்டர். அதே 60 சுற்று, அதே 6 சதவீத ஏற்றம் என்றால் 220 வாட் வருகிறது. நீங்களே 150 பெரிது என்றீர்கள். ஹப் போட்டாலும் தள்ளத்தானே வேண்டும்?

பழுப்புப்பக்கம்:
யாராவது நூலைப் பற்றிப் பேசுங்களேன். நண்பர்களுக்குத் தவணை தவணையாக அனுப்பிய நாட்குறிப்பு அது, 1965-ல் நூலானது. அதனால்தான் அன்றன்றைய களைப்பும் கோபமும் அப்படியே இருக்கின்றன. வழியிலுள்ள ஊர்களுக்கு உபரி டயர்களை முன்கூட்டியே அனுப்பி வைத்திருக்கிறார். திட்டம் போட்டவர் சும்மா கழற்றியிருக்க மாட்டார். ஆப்கன் பேருந்தில் துப்பாக்கிக் கட்டை பட்டு விலா எலும்பு உடைந்த பிறகும் அந்த மக்கள்மேல் அவருக்கு இருந்த பிரியம் குறையவில்லையே, அதைப் பேசக்கூடாதா?

ஒற்றைப்பல்:
நல்லா சொன்னீங்க. அந்த அம்மா திட்டம் போட்டுத்தான் கழற்றினாங்க.

பால்ரஸ்:
பேருந்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். லாரி, பேருந்து, ராவல்பிண்டியிலிருந்து கில்கிட்டுக்கு விமானம். பிறகு 4,173 மீட்டர் பாபுசர் கணவாயில் பனிக்குள் ரோஸை இழுத்துக்கொண்டு போனார். முழுக்க மிதித்தே வந்ததாக எழுதுகிறவர்கள் நூலைத் திறக்கவே இல்லை. கழற்றியதன் விலை இது.

கோட்டம்:
பாபுசரில் பனிதான் தடுத்தது, கியர் இல்லை. பனியில் 25 கியர் இருந்தாலும் டயர் வழுக்கும்.

ஒற்றைப்பல்:
சார், ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. அவர் கழற்றினது எந்தக் கியர்? மூணு வேக டீரெய்லர். பின்னாடி 16, 19, 22 பல்னு வைங்க. அதுல எளிதான கியர்ல பெடல் ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர். அதே மலைக்கு 240 வாட் சார்! அதாவது கழற்றாம இருந்திருந்தாலும் தள்ளியிருப்பார். அவர் இழந்தது ஒண்ணுமே இல்லை. மிச்சமானது கூண்டு, கேபிள், ஜாக்கி வீல், அறுந்த ஸ்போக்.

பால்ரஸ்:
16, 19, 22 என்று யார் சொன்னது? நீங்களே பல்லை வைத்துக்கொண்டு நீங்களே எண்ணுகிறீர்கள்.

ஒற்றைப்பல்:
46-ம் 18-ம் நீங்க வைக்கலையா?

பால்ரஸ்:
அது உதாரணம். நான் முதலிலிருந்து சொல்வது ஒன்றுதான்: மலைக்குப் பெடல் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகிற கியர் வேண்டும். முன்னால் 26 பல், பின்னால் 28 பல். மணிக்கு 7 கி.மீ., சுமார் 110 வாட். உட்கார்ந்த இடத்திலேயே ஏறலாம். பிரான்சில் செந்தெத்தியேன் ஊரின் பால் தெ விவி பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க எழுதிவிட்டு 1930-ல் இறந்தே போனார். 1963-ல் இது புதுச் செய்தி இல்லை.

மேற்குமலை:
முதலிலிருந்தா? முதலில் டீரெய்லரைக் கழற்றியது தவறு. அப்புறம் ஹப் போட்டிருக்க வேண்டும். இப்போது 26 பல். பந்தயக்காரர்களுக்கே டூர் த பிரான்ஸில் டீரெய்லருக்கு அனுமதி 1937-ல்தான் கிடைத்தது. அதுவரை பிரெனே (பைரனீஸ்) மலையை அவர்கள் எப்படி ஏறினார்கள்?

பால்ரஸ்:
சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். ஒரு பக்கம் சின்னப் பல்சக்கரம், மறுபக்கம் பெரிய பல்சக்கரம். அதுவும் கியர்தான்! என் பக்கத்துக்குச் சாட்சி தேடித் தந்ததற்கு நன்றி.

மேற்குமலை:
அப்படியானால் ஒற்றைப் பல்லும் கியர்தான். "கியர் இல்லாத" என்று ஆரம்பித்ததே தப்பு.

பால்ரஸ்:
அது தலைப்பு இல்லை. கழற்றியது சரியா என்பதுதான் தலைப்பு.

பழுப்புப்பக்கம்:
நூலில் அவர் .25 கைத்துப்பாக்கியால் ஓநாயைச் சுட்ட பகுதியை யாராவது நம்புகிறீர்களா? சின்ன ரவைதான், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில்...

கோட்டம்:
ஓநாயை விடுங்கள். கனமான கியரில் நின்று மிதித்தால் கோட்டர் பின் (பெடல் கையான கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) தளரும், அதை யாரும் கவனிக்கவில்லை. பெடல் சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று சத்தம் வந்தால் அதுதான். நட்டை மட்டும் முறுக்கினால் மரை போகும். கிராங்கின் அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியால் தட்டி உட்கார வைத்து, பிறகு நட்டை இறுக்க வேண்டும். 50 கி.மீ. போன பின் மறுபடி ஒருமுறை.

பால்ரஸ்:
கேட்டீர்களா? கழற்றியதால் கோட்டர் பின்னும் போகிறது. இதைத்தான் சொல்கிறேன்.

கோட்டம்:
நான் அப்படிச் சொல்லவில்லை. கியர் வைத்தாலும் தளரும்.

பால்ரஸ்:
குறைவாகத் தளரும்.

ஒற்றைப்பல்:
எவ்வளவு குறைவா? கணக்கு போடுங்க சார், பார்க்கலாம்.

பால்ரஸ்:
கிராங்க் நீளம் 165 மி.மீ.-ஆ 170-ஆ என்று சொல்லுங்கள், போடுகிறேன்.