வரன்முறை ஆகாத மனை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அப்பா 2009-இல் மேலூர் பக்கம் வாங்கிய மூன்று சென்ட் மனைக்குப் பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும்தான் இருக்கிறது; நகரமைப்புத் துறை அங்கீகாரம் இல்லை. 2016-இல், அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவைக் கட்டுப்படுத்தும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20 வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகரிக்க, 2017-இல் விதிகள் வந்தும் அப்பா விண்ணப்பிக்கவில்லை.

இப்போது தங்கை கல்யாணத்துக்காக விற்கப் பார்க்கிறோம். வங்கிக் கடன் கிடைக்காது என்று பாதி விலைக்குக் கேட்கிறார்கள். அந்த மனைப்பிரிவில் (லேஅவுட்) நிறைய மனைகள் காலியாகவே கிடப்பதால் தெருவிளக்குகூட வரவில்லை. அங்கே வீடு கட்டிய நான்கைந்து குடும்பங்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

மனைப்பிரிவு முழுவதும் வரன்முறை ஆகாதபோது, தனி மனைக்கு மட்டும் வரன்முறை ஆணை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று தவிர என்ன கேட்டார்கள்? எவ்வளவு செலவானது?