டிங்வால் என்ஜி பாஸ்: நெஜமாவே புதுசா, இல்ல பேருக்குத்தான் காசா?

நாலுகம்பி:
பெரிஃபரிங்கற மெட்டல் பேண்ட்ல பாஸ் வாசிச்ச நாலி கெட்குட் பேர்ல கனடா கம்பெனி டிங்வால் போட்ட என்ஜி-2, என்ஜி-3 பாஸ் கிட்டார் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் "பாஸ் கிட்டாரோட தலையெழுத்தையே மாத்திடுச்சு"ன்னு தான் ஆரம்பிக்கிறாங்க, கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. எதை மாத்துச்சு? ஃப்ரெட்ட (கழுத்துல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) சாய்ச்சு வெக்கிற வேலைக்கு ரால்ஃப் நோவாக் 1989லயே பேடன்ட் வாங்கிட்டார். ஷெல்டன் டிங்வாலே அவர்கிட்ட லைசன்ஸ் வாங்கித்தான் செஞ்சார். இந்த என்ஜி வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே கனடால அவர் செஞ்ச பாஸ்ல பி கம்பி 37 இன்ச், ஜி கம்பி 34 இன்ச் இருந்துச்சு. என்ஜி-3க்குள்ள இருக்க ப்ரீஆம்ப் (பேட்டரில ஓடி சத்தத்த மாத்துற சர்க்யூட்) ஃபின்லாந்து டார்க்கிளாஸ் காரங்களோடது. எல்லாம் மத்தவங்க வேலைன்னா நாலி செஞ்சது என்ன, பெயின்ட் கலர் சொன்னதா?

ட்ராப்ஏ தினேஷ்:
அண்ணே மொதல்ல நீங்க என்ன ட்யூனிங்ல வாசிக்கிறீங்கன்னு சொல்லுங்க. நார்மல் ஈ ஏ டி ஜின்னா இந்த பாஸ் உங்களுக்கு இல்லவே இல்ல, கெளம்பலாம். பெரிஃபரி மாதிரி பேண்ட்ல கிட்டாரே ஏழு கம்பி எட்டு கம்பின்னு கீழ போய்டுது, பாஸ் அதுக்கும் கீழ போகணும். சாதா 34 இன்ச் அஞ்சு கம்பி பாஸ்ல பி-ய இன்னும் எறக்கி ஏ-ல வெச்சு பிக்கால ஓங்கி அடிச்சுப் பாருங்க, கம்பி கொழகொழன்னு ஆடும், நோட்டே தெரியாது, வெறும் உறுமல் தான் கேக்கும். நாலி வாசிக்கிறவர் மட்டும் இல்ல, ரெக்கார்டிங் மிக்ஸிங் பண்றவர், அவருக்கு வேண்டியது டிஸ்டார்ஷன் போட்டாலும் கலங்காத அடி சத்தம். அதுக்காக ஒரு பாஸ முழுசா ட்யூன் பண்ணி நம்ம மாதிரி ஆளுங்க கைக்கு வர்ற வெலைல போட்டது புதுசு இல்லையா?

நாலுகம்பி:
வெலை கம்மியானா அது புது கண்டுபிடிப்பா தம்பி? சைனால செஞ்சா வெலை கம்மியாகும், அது ஃபேக்டரி கணக்கு.

சாலிடர் செல்வம்:
ரெண்டு பேரும் நிறுத்துங்க, கொஞ்சம் கணக்கு போட்டுக்கலாம். அதே கம்பி, அதே சுருதி, நீளம் மட்டும் 34ல இருந்து 37 ஆனா இழுவிசை நீளத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது சுமார் 18 சதவீதம் அதிகம். சும்மா இல்ல, கைல நல்லாவே தெரியும். லோ பி 31 ஹெர்ட்ஸ் கிட்ட, ஏ வரைக்கும் எறக்கினா 27.5. 34 இன்ச்லயே இந்த சுருதிக்கு இழுவை வேணும்னா ரொம்ப தடிச்ச கம்பி போடணும், தடிச்சா அது வளைய மாட்டேங்கும், மேல் ஹார்மோனிக்ஸ் எல்லாம் சுருதி விலகி மந்தமா ஒலிக்கும். அதனால தடிமன ஏத்தாம நீளத்த ஏத்துறாங்க. ஆனா எல்லா கம்பியையும் 37 ஆக்கினா ஜி கம்பி வெறைச்சுப் போய் கிணுகிணுன்னு கத்தும், வெரலும் எட்டாது. அதான் பி 37, ஈ 36.25, ஏ 35.5, டி 34.75, ஜி 34ன்னு படிப்படியா கொறைக்கிறாங்க, ஃப்ரெட் சாய்றது இதோட வெளைவு, அழகுக்கு இல்ல. பியானோவத் தொறந்து பாத்தா கம்பி எப்பிடி போகுதுன்னு தெரியும், அதே ஐடியா. 16ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஆர்ஃபரியன்னு ஒரு வாத்தியம், அதுலயே சாய்ஞ்ச ஃப்ரெட் உண்டு, அதனால நோவாக்கயும் முதல் ஆள்னு சொல்ல முடியாது.

நாலுகம்பி:
அது தான் சொல்றேன்!! நானூறு வருஷ சரக்கு.

ட்ராப்ஏ தினேஷ்:
ஆர்ஃபரியன்ல ட்ராப் ஏ வாசிச்சாங்களா அண்ணே 😂

அடிநாதம்:
இந்த விளையாட்டு எல்லா பாஸுக்கும் ஆடலாம். 1951ல லியோ ஃபெண்டர் ப்ரெசிஷன் பாஸ் கொண்டு வந்தப்ப அதுல எது புதுசு? ஃப்ரெட் பழசு, பிக்கப் (கம்பி அதிர்வ கரன்டா மாத்துற காந்தம்) பழசு, கிட்டார் மாதிரி குறுக்க புடிச்சு வாசிக்கிற எலக்ட்ரிக் பாஸே சியாட்டில்ல பால் டுட்மார்க் 1930கள்லயே செஞ்சு விக்கப் பாத்தாச்சு, பெருசா யாரும் வாங்கல. லியோ செஞ்சப்ப தான் வண்டி நிறைய டபுள் பாஸ் ஏத்திக்கிட்டு அலைஞ்சவன் தோள்ல ஒன்ன மாட்டிக்கிட்டு கெளம்பினான். அதனால "முன்னாடியே இருந்துச்சு"ங்கறத வெச்சு ஒன்ன தள்ளிட முடியாது. ஆனா தினேஷு, உன் கட்சிக்கும் நான் வரல. லியோ செஞ்சதுல அவர் பேரு கம்பெனி பேரா இருந்துச்சு, எந்த ஸ்டார் பேரும் இல்ல. 1957ல ரெண்டா பிரிச்ச பிக்கப் வந்து ஹம் சத்தத்தக் கொன்னுச்சு, 1976ல மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஆக்டிவ் ப்ரீஆம்ப கடையில வாங்குற பாஸுக்குள்ள வெச்சுச்சு, அப்புறம் ஸ்டீன்பெர்கர் கம்பி முறுக்குற தலையையே வெட்டிட்டு கிராஃபைட்ல நெக் செஞ்சார். இதுல ஒன்னு கூட சிக்னேச்சர் மாடல், அதாவது ஒரு ஸ்டார் பேர்ல வர்ற மாடல், இல்ல. சிக்னேச்சர்னு வர்றது பெரும்பாலும் வேலை முடிஞ்சப்புறம் ஒட்டுற ஸ்டிக்கர். ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பாஸ்ல எபாக்ஸி பூசி அந்த பாடுற சத்தத்த கண்டுபிடிச்சது 70கள்ல. ஃபெண்டர் அவர் பேர்ல மாடல் போட்டது அவர் 1987ல செத்துப் போனப்புறம். கண்டுபிடிச்சது ஜாக்கோ, காசு பாத்தது கம்பெனி.

ட்ராப்ஏ தினேஷ்:
சார் அப்ப ஆண்டனி ஜாக்சன்? 1975ல கிட்டார் செய்ற கார்ல் தாம்ப்சன் கிட்ட போய் ஆறு கம்பி போட்டு செஞ்சு குடுன்னு கேட்டது வாசிக்கிற ஆள் தானே, செய்றவர் யோசனை இல்லையே. வாசிக்கிறவன் தேவைல இருந்து தான் புதுசு பொறக்குதுங்கறேன். நாலி அதே தான் பண்ணார்.

அடிநாதம்:
ஜாக்சன் இல்லாத ஒன்ன கேட்டார். கடையில போய் காட்டக் கூட ஒரு சாம்பிள் கெடையாது, செஞ்சு, வாசிச்சு, சரியில்லன்னு திரும்பப் போய், பாஸ் செய்ற ஃபொடேரா காரங்களோட பல வருஷம் மல்லுக்கட்டி உருவாக்கினது. நாலி இருந்த ஒன்ன எடுத்து பொருத்தமா அடுக்கினார். ரெண்டும் ஒன்னு இல்ல. அடுக்கினதுல தப்பே இல்ல, நல்லா அடுக்கியிருக்கார், ஆனா ரெண்டையும் ஒரே வரிசைல ஒக்கார வெக்காத.

பாப்கார்ன் பாலா:
நடுவுல வரலாமா. சிக்னேச்சர்ல புதுசு வேணும்னா ஜோ டார்ட் பாஸ் பாருங்க, மியூசிக் மேன் போட்டது. மொத்தத்துக்கும் ஒரே ஒரு வால்யூம் நாப். டோன் நாப் கெடையாது, ஆக்டிவ் ப்ரீஆம்ப் கெடையாது, பேட்டரி கெடையாது. எடுத்துட்டதுக்கும் காசு வாங்குனான் பாருங்க, அது தான் இன்னோவேஷன்.

நாலுகம்பி:
கேலியா சொல்றீங்க, ஆனா எனக்கு அது என்ஜி-ய விட நேர்மையா தெரியுது. வல்ஃப்பெக் பேண்ட்ல அந்த ஆள் டோன் எல்லாத்தையும் வெரல்ல தான் வெச்சிருக்கார், நாப் எதுக்கு. அவர் எப்பிடி வாசிக்கிறாரோ அது மரத்துல அப்பிடியே தெரியுது. என்ஜில நாலியோட கை எங்க தெரியுது, சொல்லுங்க.

சாலிடர் செல்வம்:
நான் சொல்றேன், ஏன்னா பெஞ்சுல தொறந்து பாத்திருக்கேன். பிக்கப் செலக்டர் நாலு பொசிஷன் ரோட்டரி. பிக்கப்புகள கலக்குற ப்ளெண்ட் நாப் மாதிரி நடுவுல எங்கயோ நிக்காது, டக்குன்னு நாலு சத்தம், நாலும் வேற வேற, மேடைல இருட்டுலயும் தடவி வெச்சுக்கலாம். ஆனா இந்த ஸ்விட்ச்சும் டிங்வாலோட பழைய மாடல்கள்ல உண்டு. அப்ப நாலி பங்கு என்னன்னா, டிங்வால் முதல்ல இதெல்லாம் செஞ்சப்ப ஜாஸ், ஃப்யூஷன், சர்ச் பேண்ட் ஆளுங்க தான் வாங்குனாங்க. ரெக்கார்டிங்ல இது டிஸ்டார்ஷனோட எப்பிடி கேக்கும்னு உலகத்துக்கு காட்டினது இவரும் இவர மாதிரி ஆளுங்களும். இப்ப மெட்டல் ஆல்பம் பாதில அந்த கணகண சத்தம் தான். கருவி பழசு, அதுக்கு கெடைச்ச வேலை புதுசு. என்னைக் கேட்டா அதுவும் பெரிய விஷயம், ஆனா பேடன்ட் ஆபீஸ்ல போய் நிக்க முடியாது.

ட்ராப்ஏ தினேஷ்:
இத தான் நான் காலைல இருந்து சொல்லிட்டிருக்கேன் 🙏

நாலுகம்பி:
உன் ஆளுங்க சொன்னது "பாஸ் கிட்டாரே மாறிடுச்சு". செல்வம் சொல்றது "ஒரு ஸ்டைலுக்கு நல்லா செட் ஆச்சு". ரெண்டுக்கும் நடுவுல ஒரு லாரி போகும். மத்தபடி எனக்கு 34 இன்ச், நாலு கம்பி, ஃப்ளாட்வவுண்ட் (மேல வழவழன்னு தட்டையா சுத்தின கம்பி) போதும்.

அடிநாதம்:
அந்த ஃப்ளாட்வவுண்ட மாத்தி எத்தன வருஷம் ஆச்சு நாலுகம்பி?

நாலுகம்பி:
அதெல்லாம் மாத்தக் கூடாது சார்.

புதுசா_வந்தவன்:
எல்லாத்தையும் படிச்சேன், தலை சுத்துது. செகண்ட் ஹேண்ட்ல ஒரு என்ஜி-2 கெடைக்குது, இது வரைக்கும் சாதா நாலு கம்பி தான் வாசிச்சிருக்கேன். சாய்ஞ்ச ஃப்ரெட் பழக கஷ்டமா?

சாலிடர் செல்வம்:
பாக்கத்தான் பயமா இருக்கும். நடுவுல ஒரு எடத்துல ஃப்ரெட் நேரா இருக்கும், அதுக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் கொஞ்சமா சாயும், மணிக்கட்டு திரும்புற வாக்குல தான் சாயுது, சீக்கிரம் கை பழகிடும். முதல் ஃப்ரெட் கிட்ட கார்ட் புடிச்சா மட்டும் வெரல் இழுக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பி கம்பி ஒரிஜினலான்னு கேளு. சாதா லாங் ஸ்கேல் செட்டு 37 இன்ச்சுக்கு நீளம் பத்தாது, டிங்வால் போடுற மாதிரி அந்த நீளத்துக்குன்னு செஞ்ச செட்டு தான் வாங்கணும், அதுக்கும் சேத்து பட்ஜெட் போட்டுக்க.