ஸ்விஃப்ட்டில் 165 டயரைக் கழற்றிவிட்டு 185 போடலாமா?

கொங்கு வண்டி
2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, 52,000 கிமீ ஓடியாகிவிட்டது. வாங்கும்போது வந்த அதே 165/80 ஆர்14 டயர்தான் (அகலம் 165 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச்). போன வாரம் மழையில் பெருந்துறை தாண்டி வரும்போது முன்னால் போன லாரி சட்டென்று மெதுவாகிவிட்டது. நான் பிரேக்கை அழுத்தினேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று உதைக்கிறது, வண்டி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. லாரியின் பின்கதவுக்கும் என் பானட்டுக்கும் ஒரு முழம்கூட இல்லை. பின் சீட்டில் அம்மா. இந்த ஒல்லி டயரை இனி நம்ப முடியாது. இதே ரிம்மில் 185/70 ஆர்14 போடலாம் என்கிறார் கடைக்காரர். போட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரை நான்குவழி
தாராளமாகப் போடுங்கள் அண்ணே. நான் மூன்று வருடமாக அதே 185/70-தான் ஓட்டுகிறேன். வளைவில் இருந்த ஆட்டம் போய்விட்டது, குழியில் இறங்கினாலும் முன்னைப் போல அதிராது. கம்பெனி 165 கொடுப்பது மைலேஜுக்கும் விலைக்கும்தான். இதே ஸ்விஃப்ட்டில் விலை கூடிய இசட்எக்ஸ்ஐ மாடல் வாங்கினால் 185/65 ஆர்15 வருகிறதே, அது மட்டும் வேறு வண்டியா?

ஒரிஜினல் அளவு
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழையில் வழுக்கியதற்கு அகலம் குறைவு என்று யார் சொன்னது? தரையில் படும் பரப்பு பெரும்பாலும் வண்டி எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகல டயர் போட்டால் அந்தப் பரப்பு குறுக்கே நீளும், முன்பின் குறுகும், அவ்வளவுதான். தேங்கிய தண்ணீரில் ஒல்லி டயர்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும், அகல டயர் சீக்கிரம் மிதக்கும். நண்பரே, டயர் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும், முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். 3218 என்றால் 2018-இன் 32-வது வாரம் செய்தது என்று அர்த்தம்.

சேலம் டயர்கடை
இருபது வருடமாக டயர் மாட்டுகிறேன், என் கணக்கைச் சொல்கிறேன். முதலில் டயரின் மொத்த உயரம். 165/80 ஆர்14 சுமார் 620 மிமீ. 185/70 ஆர்14 சுமார் 615. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால் உண்மையில் 99 சொச்சம். 3 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நான் மாட்டுவேன். அடுத்தது சுமை எண். உங்கள் பழைய டயரில் 85 என்று இருக்கும், ஒரு டயர் 515 கிலோ தாங்கும். புதியது 88, அதாவது 560 கிலோ. இந்த எண் கூடலாம், குறையவே கூடாது. அப்புறம் ரிம். 5 இன்ச் அகல ரிம்மில் 185 உட்காரும். 195-ஐத் திணிக்கச் சொன்னால் மாட்டேன்.

கொல்லிமலை பயணி
அளவு மீறினால் என்ன ஆகும் என்று நான் பட்டதைச் சொல்கிறேன். அதே விஎக்ஸ்ஐ-யில், பார்க்க நன்றாக இருக்கிறது என்று, சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் 15 இன்ச் அலாயும் 205/65-உம் போட்டேன். கடையில் ஒன்றும் சொல்லவில்லை. தனியாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஐந்து பேரோடும் மூட்டையோடும் கொல்லிமலை ஏறினேன், எழுபது கொண்டைஊசி. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்த ஒவ்வொரு வளைவிலும் 'சர்ர்' என்று உரசல். மேலே போய் இறங்கிப் பார்த்தால் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உள் லைனர் தேய்ந்து கண்ணாடி போல மின்னுகிறது, டயரின் தோளில் சீவிவிட்ட மாதிரி ஒரு கோடு, கை வைத்தால் சுடுகிறது. இறங்கும்போது வயிற்றைப் பிசைந்தது. ஊர் வந்ததும் கழற்றிவிட்டேன். மைலேஜும் 20-இல் இருந்து 18-க்கு வந்திருந்தது.

மதுரை நான்குவழி
அந்த மைலேஜ் கணக்கு மட்டும் சரியில்லை அண்ணே. 205/65 ஆர்15 சுமார் 647 மிமீ, நாலரை சதவீதம் பெரியது. மீட்டர் 100 கிமீ காட்டும்போது வண்டி 104.5 ஓடியிருக்கும். நீங்கள் சொல்லும் 18 உண்மையில் 18.8. குறைந்தது உண்மை, ஆனால் அவ்வளவு இல்லை.

ஒரிஜினல் அளவு
அதே கணக்கை வேகத்துக்கும் போட்டுப் பாருங்கள். மீட்டரில் 100 என்று நம்பி 104-இல் போகிறோம், பிரேக் தூரமும் அதற்கேற்பக் கூடும். சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் குறித்துள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் டயரைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார்.

சேலம் டயர்கடை
சட்டம் நான் படித்ததில்லை தம்பி, அதில் வாதாட மாட்டேன். இன்சூரன்ஸுக்கு மெயில் போட்டு இந்த அளவு போடலாமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் 205-ஐயும் 185-ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கொங்கு வண்டி
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். 0519. ஆறு வருடம் தாண்டிவிட்டது. ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் பதியவே இல்லை, மரக்கட்டை மாதிரி இருக்கிறது. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேட்டுக்கும் மேல்பரப்புக்கும் நடுவே ஒரு மிமீ இருந்தால் அதிகம்.

ஒரிஜினல் அளவு
அந்த மேடு 1.6 மிமீ உயரம், அதைத் தொட்டால் டயர் சட்டப்படியே முடிந்தது. நீங்கள் அன்று வழுக்கியது இதனால்தான், 165 என்பதால் இல்லை. புதிய 165 நான்கு போடுங்கள், அதே இடத்தில் பிரேக் போட்டுப் பாருங்கள்.

கொங்கு வண்டி
காரணம் பழைய ரப்பர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாதம் இரண்டு முறை அம்மாவை அழைத்துக்கொண்டு கோவை போகிறவன், சுமை எண்ணும் கூடுகிறது, ரிம்மிலும் 5ஜே, அதாவது 5 இன்ச் அகலம் என்றுதான் பொறித்திருக்கிறது. மெயில் போட்டுவிட்டேன். பதில் சாதகமாக வந்தால் 185/70, வராவிட்டால் புதிய 165. ஸ்டெப்னி மட்டும் பழைய 165-ஆகவே இருக்கலாமா?

சேலம் டயர்கடை
அந்த 2019 டயர் வேண்டாம். நான்கு வாங்கும்போது ஐந்தாகவே வாங்கிவிடுங்கள். காசு இடிக்கிறது என்றால் புதிய 165 ஒன்று வைத்துக்கொண்டு, பஞ்சர் கடை வரைக்கும் மட்டும், மெதுவாக.