டிஜி முறையும் விர்ச்சுவல் ஃபங்ஷனும்: ஒத்துவராது என்று யார் சொன்னது?

வலைப்பின்னி:
"தொடர்ச்சியற்ற கூறு முறைக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் ஒத்தே வராது, ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன் நுழைந்தால் வேகம் செத்தது" என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். (புதியவர்களுக்கு: டிஜி எனப்படும் அம்முறை, இடத்தைச் சிறு கூறுகளாக வெட்டி, கூறுகளின் எல்லையில் விடை தாவ அனுமதித்துச் சமன்பாடுகளைத் தீர்ப்பது; விர்ச்சுவல் ஃபங்ஷன் என்பது எந்த நிரலை அழைப்பது என்று நிரல் ஓடும்போதுதான் முடிவாகும் ஃபங்ஷன்.) ஹைடெல்பெர்க்கில் பிறந்து, 2007இல் எண்கணிப்பு மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு பெற்ற டீல்.டூ நூலகம் முழுக்க சி++ கிளாஸ்களால் ஆனது. அதில் டிஜிக்கான எஃப்இ_டிஜிக்யூவும், தொடர்ச்சியான கூறுகளுக்கான எஃப்இ_க்யூவும் ஒரே மூதாதைக் கிளாஸின் வாரிசுகள். பரிசு கொடுத்தவர்களுக்கு இது தெரியாமல் போய்விட்டதா?

வார்ப்புருவன்:
தீர்ப்பெழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பரிசுப் பட்டியல் வேண்டாம், கணக்குப் போடுங்கள். திசைக்கு 100 வீதம் 10 லட்சம் அறுமுகக் கூறுகள் என்றால், உட்புற முகங்கள் 29,70,000. மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை என்றால், தொகையீட்டுக்கு முகத்துக்கு 16 குவாட்ரேச்சர் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஃப்ளக்ஸை (முகத்தின் வழியே கூறுக்குக் கூறு பாய்வதைக் கணிக்கும் சூத்திரத்தை) விர்ச்சுவலாக அழைத்தால், காலத்தில் முன்னேறும் நான்கு நிலை ருங்கே-குட்டா முறையின் ஒரே காலப்படிக்கு 19 கோடி அழைப்புகள். அழைப்புக்கு ஆகும் நேரம்கூடப் பெரிதில்லை. கம்பைலரால் அதை இன்லைன் செய்ய (அழைத்த இடத்திலேயே விரித்தெழுத) முடியாது என்பதால், எட்டு எண்களை ஒருசேரக் கணக்கிடும் செயலியின் ஏவிஎக்ஸ்-512 கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

பழைய ஃபோர்ட்ரான்காரர்:
1973இல் லாஸ் அலமோஸில் ரீடும் ஹில்லும் நியூட்ரான் கடத்தலுக்கு இம்முறையைக் கையாண்டபோது கிளாஸும் இல்லை, கம்பைல் ஆகும்போதே தேவைக்கேற்ற நிரலாக விரியும் டெம்ப்ளேட்டும் இல்லை. நீங்கள் இருவரும் தொடருங்கள்.

வலைப்பின்னி:
புள்ளிக்குப் புள்ளி அழைக்கச் சொன்னது யார்? டீல்.டூவில் ரீஇனிட் என்று கூப்பிட்டால் விர்ச்சுவல் வேலை அந்தக் கூறுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. அதன்பின் வடிவச் சார்பின் மதிப்பைத் தரும் ஷேப்_வேல்யூ என்பது நிரப்பிவைத்த அட்டவணையை வாசிப்பது மட்டுமே. ஃப்ளக்ஸையும் அப்படியே ஒரு முகத்தின் 16 புள்ளிகளையும் மொத்தமாகக் கொடுத்து அழைத்தால், உங்கள் 19 கோடி 1 கோடியே 19 லட்சமாகச் சுருங்கும். உள்ளேயிருக்கும் கண்ணியைக் கம்பைலர் தாராளமாக வெக்டரைஸ் செய்யும் (பல எண்களை ஒருசேரக் கணக்கிட வைக்கும்). ஃப்ளக்ஸ் லாக்ஸ்-ஃப்ரீட்ரிக்ஸா, ரோவா என்பதை உள்ளீட்டுக் கோப்பிலேயே மாற்றிக்கொள்ளும் வசதியும் கிடைக்கும்.

வார்ப்புருவன்:
புள்ளிக்கு ஒரு விர்ச்சுவல் அழைப்பு. நான் சொன்னது அது. நீங்கள் பதில் சொல்வது வேறு எதற்கோ. போன மாதம் நிறை அணி விவாதத்திலும் இதே வித்தையைத்தான் காட்டினீர்கள். டியூன் நூலகத்தைப் பாருங்கள்: வலையின் இடைமுகமே டெம்ப்ளேட்டுகளால் ஆனது, யார் யாரை அழைப்பது என்பது கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடுகிறது. நீங்கள் கொண்டாடும் டீல்.டூவிலும் அணியைச் சேமிக்காமலே கணக்கிடும் மேட்ரிக்ஸ்-ஃப்ரீ பகுதிக்கு வந்தவுடன், முகக் கணக்குக்கான எஃப்இஃபேஸ்எவால்யுவேஷனின் பல்லுறுப்புக்கோவைப் படியை டெம்ப்ளேட் அளபுருவாகக் கொடுக்கிறார்களே, ஏன்? விர்ச்சுவல் இனித்ததாலா?

வலைப்பின்னி:
டியூனில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டுக் கம்பைல் செய்து பாருங்கள். திரை திரையாக வரும் பிழைச் செய்தியை வாசித்து முடிப்பதற்குள் என் நிரல் காலப்படிகளை முடித்திருக்கும். டெம்ப்ளேட்டும் பொருள்நோக்கின் கருவிதான் என்று பலமுறை எழுதிவிட்டேன். "ஒத்தே வராது" என்று எழுதிய வாய் இப்போது "விர்ச்சுவல் மட்டும் வராது" என்கிறது.

அணிக்கோவை:
ஃபீனிக்ஸ் மென்பொருளில் ஜம்ப் (தாவல்), ஆவரேஜ் (சராசரி) என்று எழுதி, உட்புற முகங்களைக் குறிக்கும் டிஎஸ்ஸால் பெருக்கினால், முகத் தொகையீட்டுக்கான சி நிரலை அதுவே உருவாக்கித் தருகிறது. அங்கே ஃப்ளக்ஸ் வெறும் கோவை. இந்தச் சண்டைக்கே இடமில்லை.

வார்ப்புருவன்:
நிரலை எழுத ஒரு நிரல் வேண்டியிருக்கிறது என்பதே என் கட்சிக்குச் சாட்சி. வலைப்பின்னி அவர்களே, வாயைப் பற்றிப் பேசியதைக் குறித்துக்கொண்டேன். புள்ளிக்கு ஒரு விர்ச்சுவல் அழைப்பு: வேகம் சாகுமா, சாகாதா?

வலைப்பின்னி:
முகத்துக்கு ஒன்று.

வார்ப்புருவன்:
புள்ளிக்கு.

பழைய ஃபோர்ட்ரான்காரர்:
சப்ரூட்டீனுக்கு அணியை மொத்தமாக அனுப்புவதை நாங்கள் அப்போதே செய்துகொண்டுதான் இருந்தோம். யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை.

வார்ப்புருவன்:
ஐயா, இப்போதும் யாரும் கேட்கவில்லை. வலைப்பின்னி, புள்ளிக்கு ஒரு விர்ச்சுவல் வைத்து எழுதி, இரண்டு நேரங்களையும் இங்கே போடுங்கள், காத்திருக்கிறேன்.

வலைப்பின்னி:
நான் எழுதாத நிரலுக்கு நான் ஏன் நேரம் அளக்க வேண்டும்?