மறு: புல்வெட்டும் டிராக்டரின் ‘டெக்’, ‘கிளட்ச்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘வெட்டுத் தளம்’ என்றே வைத்துக்கொள்வோம். டெக் என்றால் தளம்தானே?

இதை எழுதிய ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாமானைக் கழற்றித் தலைகீழாகப் போட்டுப் பார்த்த பிறகு மனசு ஒப்பவில்லை.

தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து விளையாட்டுத் திடலில் ஓடுகிற பழைய வண்டி அது. ஆள் உட்கார்ந்து ஓட்டுவார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், வண்டியின் வயிற்றுக்கடியில் டெக் என்கிற புல்வெட்டும் பாகம் தொங்கும். ஜூன் மழை பிடித்துவிட்டால் இங்கே புல்லைக் கையால் அறுத்து மாளாது. அதற்குள் முடித்துவிடலாம் என்று பட்டறைத் தம்பியும் நானும் இறங்கினோம். பேட்டரி வயரையும் பிளக் வயரையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கத்திப் பக்கம் கையைக் கொண்டுபோனோம்.

கவிழ்த்ததும் முதலில் வந்தது புளித்த நாற்றம். ஈரப் புல் அரைபட்டு அரைபட்டு, உட்புறம் முழுக்க இரண்டு விரல் கனத்துக்கு வறட்டி தட்டியது மாதிரி அப்பியிருந்தது. சுரண்டச் சுரண்டத் துரு. ஓரிடத்தில் ஸ்குரூடிரைவர் நுனி தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. கத்தி சுற்றும் தண்டில் பேரிங் கரகரத்தது. 6203 பேரிங், உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40. சாதாரணமாகக் கிடைப்பதுதான், போடிமெட்டு இறங்கி வாங்கி வந்தோம்.

அந்தக் கத்தியைப் பாருங்கள். வெட்டும் விளிம்புக்குப் பின்பக்கம் மேல்நோக்கிச் சிறகு மாதிரி மடித்திருக்கிறார்கள். கத்தி சுற்றும்போது அந்தச் சிறகு காற்றை மேலே இழுக்கிறது. படுத்திருக்கும் புல் நிமிர்கிறது. நிமிர்ந்ததைக் கத்தி அறுக்கிறது. அறுபட்டது உள்ளே சுழன்று பக்கவாட்டு வாய் வழியாக வெளியே பறக்கிறது. இவ்வளவும் நடப்பதற்குக் காற்று சுழல ஒரு குழிவு வேண்டும். குழிவைப் புல்லே அடைத்துக்கொண்டால் கத்தி எவ்வளவு கூராக இருந்தும் திடல் நாய் கடித்த மாதிரிதான் இருக்கும்.

ஆகவே இது தளம் இல்லை. தளம் என்றால் நாம் மேலே நிற்பது. இது கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரம். டெக் என்ற சொல்லே டச்சு மொழியில் கூரை, போர்வை என்ற பொருளில் இருந்து வந்ததுதான். கப்பலுக்குப் போன பிறகுதான் அது தளமாயிற்று. நாம் ஏன் கப்பல் வழியாகச் சுற்றி வரவேண்டும்?

‘கூடு’ என்பதை வைத்து முதலில் ‘அறுகூடு’ என்று எழுதிப் பார்த்தேன். அறுசுவை, அறுகோணம் எல்லாம் குறுக்கே வந்து நிற்கின்றன. ஆறு கூடு எங்கே என்று கேட்பார்கள். அடுத்து ‘அரிகூடு’. அரிவாளில் இருக்கும் அதே அரி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, அதனால் நடுவில் க் வராது. தயவுசெய்து ‘அரிக்கூடு’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கே பட்டறையில் பாதிப் பேர் மலையாளிகள். அரி என்றால் அவர்களுக்கு அரிசி. ஒற்றும் சேர்ந்துவிட்டால் அரிசிக் குதிர் ஆகிவிடும். ஒற்று இல்லாமல் சொல்லி, அரிவாள் என்று ஞாபகப்படுத்தினேன். அரிவாள் அவர்களுக்கும் அரிவாள்தான், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

‘கவ்வாத்துப் பெட்டி’ என்று ஓர் அக்கா சொல்லியிருந்தார். நல்ல சொல், ஆனால் மலையில் செல்லாது. இங்கே கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது.

> கிளட்ச்சுக்குப் ‘பற்றி’ போதும். சுருக்கமாக இருக்கிறது.

‘பற்றியைப் பற்றி’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். இன்னொன்று, மலையாளத்தில் ‘எந்து பற்றி?’ என்றால் என்ன ஆச்சு என்று அர்த்தம். பழுது பார்க்கிற இடத்தில் அந்தக் கேள்வி நாள் முழுக்கக் காதில் விழும்.

குழுமத்தில் வந்த ‘விடுபற்றி’ எனக்கும் பிடித்ததுதான். காலால் மிதிக்கிற கிளட்ச்சுக்கு அது அச்சாகப் பொருந்தும்: மிதித்தால் விடும், காலை எடுத்தால் பற்றும். ஆனால் கத்தியை ஓட்டுகிற கிளட்ச் நேர் எதிர். சுவிட்சைப் போட்டால் காயில் என்கிற கம்பிச்சுருளில் கரண்ட் பாய்ந்து காந்தமாகி எதிர்த்தட்டைக் கவ்வும். கரண்ட் நின்றால் விடுவதோடு முடியாது; அதே தட்டு பிரேக்கில் போய் அழுந்திக் கத்தியைச் சில நொடிகளில் நிறுத்தும். ஆங்கிலத்தில் இரண்டும் கிளட்ச்தான். நமக்கு இரண்டு சொல் இருக்கட்டும். இதற்குக் ‘காந்தக் கவ்வி’ என்கிறேன்.

பெயரில் காந்தம் இருப்பதால் ஒரு பயன் உண்டு. இந்த வண்டியில் காலையில் கத்தி நன்றாகச் சுற்றும், அரை மணி நேரம் ஓடினால் தானாக நின்றுவிடும். முன்பு பார்த்த ஓர் இடத்தில் காயில் போய்விட்டது, முழுசாக மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அளந்தால் 3 ஓம். 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் வருகிறது, காயிலில் குறையில்லை. உராய்ந்து உராய்ந்து தட்டு தேய்ந்து, காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி அகன்றிருந்தது. காயில் சூடானால் தாமிரத்தின் மின்தடை ஏறும். 60 டிகிரி கூடினால் ஏறத்தாழ கால் பங்கு. அதனால் கரண்ட் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, காந்தம் தளர்ந்து, அகன்ற இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாமல் விட்டுவிடுகிறது.

இந்தக் கிளட்ச்சைச் சுற்றிலும் மூன்று சன்னல், மூன்று நட்டு. பட்டறையில் பில்லர் கேஜ் என்கிறார்களே, இடைவெளி அளக்கிற அந்தத் தகட்டைச் சன்னலில் விட்டால் 0.8 மில்லிமீட்டர் தாராளமாகப் போயிற்று. இந்த மாடலுக்கு இருக்க வேண்டியது 0.4. தகடு லேசாக உரசிக்கொண்டு வரும்வரை மூன்று நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாக இறுக்கினோம். மறுநாள் ஒன்றரை மணி நேரம் திடலில் ஓட்டினோம், நிற்கவில்லை.

தோட்டப் பட்டறைக்காக எழுதுகிற கையேட்டில் அரிகூடு, விடுபற்றி, காந்தக் கவ்வி மூன்றையும் போடப் போகிறேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் அகப்படவில்லை: ஐட்லர் புல்லி. தம்பி அதைச் ‘சும்மா புல்லி’ என்கிறான். அது எதையும் ஓட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் பெல்ட்டை விறைப்பாக வைத்திருப்பதே அதுதான், சும்மா என்று எழுதக் கை வரவில்லை. ‘விறைப்புக் கப்பி’ என்றால் புரிகிறதா?

அன்புடன்,
தேவிகுளத்திலிருந்து