கணவர் பிடித்துவைத்திருக்கும் சான்றிதழ்கள்: மீட்டவர்கள் வழி சொல்லுங்கள்

என் சித்தி மகள் கணவரின் அடி தாங்காமல் ஜனவரியில் வீட்டைவிட்டு வெளியேறினாள். உடுத்திய துணியோடும் கைக்குழந்தையோடும் வந்தவள். பி.காம். படித்தவள், டேலி நன்றாகத் தெரியும். இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலை உறுதியாகியிருக்கிறது. எங்கே என்று வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த மாத இறுதிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். பிளஸ் டூ, பட்டம் எல்லாமே அவரிடம் சிக்கியிருக்கின்றன. கேட்டால் "திரும்பி வா, தருகிறேன்" என்கிறார்.

பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தோம், ஆலோசனையும் தங்குமிடமும் கிடைத்தன, அது பெரிய ஆறுதல். நகல் சான்றிதழுக்கு முயன்றோம். காணாமல் போனதாகக் காவல் நிலையச் சான்று வேண்டுமாம். தொலையாததைத் தொலைந்ததாகப் பொய் எழுதித்தர அவளுக்கு மனமில்லை, அது சரிதான். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் அவளுடைய சான்றிதழ்கள் இல்லை. நிறுவனம் அவகாசம் தர மறுக்கிறது.

பாதுகாப்பு அலுவலர் மூலம் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் கீழ் மதுரையில் மனு கொடுத்திருக்கிறோம். 19(8) பிரிவில் உடைமைகளைத் திருப்பித்தர உத்தரவிடலாம். ஆனால் விசாரணை அடுத்த மாதம்தான். அதற்குள் வேலை கைநழுவிவிடும். குழந்தையோடு சொந்தக் காலில் நிற்க அவளுக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.

23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு பெற்று இப்படிச் சான்றிதழ்களை மீட்டவர்கள், விசாரணைத் தேதியை முன்கூட்டியே பெற எப்படி மனு செய்தீர்கள்?