சபைக் கூட்டத்துக்குள் விடவில்லை, என்ன செய்யலாம்?

குளத்தடி:
வன்னியில் இருக்கிறம். சந்தைக் கடைகளைக் குத்தகைக்குக் கொடுக்கும் விடயம் எங்கள் பிரதேச சபைக் கூட்டத்தில் வருகிறது என்று கேள்விப்பட்டு நாலு வியாபாரிகள் போனோம். வாசலிலேயே மறித்து, உள்ளே இடமில்லை என்றார்கள். ஜன்னலால் பார்த்தால் பின்வரிசையில் ஆறு பிளாஸ்டிக் கதிரை சும்மா கிடக்கிறது! பின்னேரமே தீர்மானம் நிறைவேறிவிட்டதாம். கோட்டுக்குப் போகலாமா?

பாலைப்பழம்:
முதலில் கடதாசியை எடுங்கோ. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் நிகழ்ச்சி நிரல், கூட்டறிக்கை, அதோடு வெளியாட்களை விடுவதில்லை என்று முடிவு எடுத்திருந்தால் அதன் பிரதி, மூன்றையும் எழுத்தில் கேளுங்கோ. மூன்றாவதுதான் முக்கியம், அப்படி ஒரு முடிவே இல்லை என்றால் வாசலில் நின்றவர் யாருடைய சொல்லில் மறித்தார்? 14 வேலை நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நான் கேட்ட கிறவல் வீதிச் செலவுக் கணக்கும் மேன்முறையீடு போட்ட பிறகுதான் வெளியே வந்தது.

பழைய கிளாக்கர்:
தம்பி சொன்னது சரி, ஆனால் அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதேங்கோ. தீர்மானத்தை ரத்துச் செய்யக் கேட்பதென்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு. அதற்குக் கதவடைத்த கதை மட்டும் போதாது, எந்தச் சட்டம், எந்த விதி மீறப்பட்டது என்று நீதிபதி கேட்பார். ஆகவே 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தையும், உங்கள் சபை கூட்டம் நடத்தும் விதிகளையும் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கோ. சபையில் இருந்த காலத்தில் நான் பார்த்தது, அந்த விதிப் புத்தகம் அலுமாரியிலேயே தூசி பிடித்துக் கிடக்கும்.

அடிப்படை உரிமை மனு என்றால் கொழும்பு உயர் நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கூட்டம் நடந்து எத்தனை நாள்?

குளத்தடி:
இன்றோடு 23.

பழைய கிளாக்கர்:
அப்ப மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட நாளைக்கே வவுனியாவுக்கு பஸ் ஏறுங்கோ. தகவல் விண்ணப்பத்தைப் போகிற வழியில் சபையில் கொடுத்து, கிடைத்ததாகக் கையெழுத்து வாங்க மறக்காதேங்கோ.